நண்பர்களோடு ஆடும் சாஃப்ட்பால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊர்ப் பூங்காத் துறைகளும் அலுவலகங்களும் நடத்தும் கோடைக்கால சாஃப்ட்பால் லீக்குகளில் நண்பர்களோடு ஆடத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் ஐவரின் கேள்விகளை, ஒரே ஆட்டத்தைப் பற்றியவை என்பதால், இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். அத்தகைய அணி ஒன்றில் பதினான்கு கோடைகள் ஆடியும், அவற்றில் ஆறு கோடைகள் கேப்டனாக இருந்தும் கற்றுக்கொண்டவற்றிலிருந்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சிறு வயதிலிருந்து தெருவிலும் பிறகு கல்லூரியிலும் கிரிக்கெட் ஆடியவன் நான். அலுவலக நண்பர்கள் தங்களுடைய ஸ்லோ-பிட்ச் சாஃப்ட்பால் அணியில் சேரும்படி அழைக்கிறார்கள். கிரிக்கெட் தெரிந்திருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், எடிசன், நியூஜெர்சி

பாதி உண்மை. உயரே எழும்பிய பந்து எங்கே இறங்கும் என்று கணித்து அதன் அடியில் போய் நிற்பதும், ஓடிக்கொண்டே பந்தைப் பொறுக்கி எறிவதும் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தவை. முதல் வாரத்திலேயே அவுட்ஃபீல்டில் உங்களை நிறுத்த நண்பர்கள் ஆசைப்படுவதற்கு அதுதான் காரணம். மற்ற பாதியில், கிரிக்கெட் கற்றுக்கொடுத்த நல்ல பழக்கங்களே உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

பேட்டிங்கை எடுத்துக்கொள்வோம். ஸ்லோ-பிட்ச் ஆட்டத்தில் பந்தைத் தோளுக்குக் கீழிருந்து, வளைவாக மேலே எழும்பி இறங்கும்படி வீச வேண்டும். பல லீக்குகளில் அந்த வளைவு குறைந்தது 6 அடி உயரம் எழ வேண்டும், 12 அடிக்கு மேல் போகக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்குச் சிறு குழந்தைக்கு வீசுவது போல இருக்கும். ஆனால் தரையில் குத்தி எழும் பந்துக்குப் பழகிய கண், மேலிருந்து செங்குத்தாக இறங்கிவரும் பந்துக்கு எப்போது பேட்டை வீசுவது என்று தெரியாமல் அவசரப்பட்டுவிடும். தடுத்து ஆடுவது இங்கே உதவாது. பேட்டை நீட்டிப் பந்தை மெல்லத் தட்டிவிட்டால் ஸ்லோ-பிட்ச் விதிப்படி நீங்கள் அவுட். விக்கெட் கீப்பரின் பக்கமாகத் தட்டிவிட்டு ஓடும் லேட் கட் இங்கே வெறும் ஃபவுல் பந்து, ஏனென்றால் பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டிலிருந்து விரியும் இரண்டு கோடுகளுக்கு நடுவில் விழும் பந்துக்கு மட்டுமே கணக்கு உண்டு. அப்படிக் கோட்டுக்குள் விழுந்துவிட்டால் ஓடியே ஆக வேண்டும். அடித்துவிட்டு மறுமுனையைப் பார்த்து "வேண்டாம்" என்று கையைக் காட்டும் வசதி கிடையாது.

ஓடும்போது பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடுங்கள். எங்கள் அணியில் சேர்ந்த ஒரு நண்பர், மதுரைக் கல்லூரி அணிக்காக ஆடியவர், முதல் ஆட்டத்தில் பேட்டோடு ஓடி, வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய இடங்களில் முதலாவதான முதல் பேஸுக்கு முன்னால் அதை நீட்டித் தரையில் ஊன்றினார். கிரீஸாக இருந்தால் தப்பியிருப்பார். இங்கே பேஸை உடம்பால் தொட வேண்டும் என்பதால் அவர் கால் படுவதற்குள் பந்து வந்து சேர்ந்துவிட்டது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: முதல் பேஸைத் தொட்டுவிட்டு வேகத்தைக் குறைக்காமல் நேரே கடந்து போகலாம், இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் அப்படிக் கடந்துவிட்டால் பந்தோடு வந்து தொட்டு அவுட் ஆக்கிவிடுவார்கள். நீங்கள் பேஸில் நிற்கும்போது உங்கள் அணிக்காரர் அடித்த பந்தை யாராவது கேட்ச் பிடித்தால், திரும்பவும் உங்கள் பேஸைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்ததற்கு ஓட வேண்டும். புதிதாக வரும் கிரிக்கெட்காரர்கள் முதல் மாதத்தில் அதிகமாக அவுட் ஆவது இந்த ஒரு விதியில்தான்.

கிளவ் வலக்கைக்காரர்களுக்கு இடது கையில் இருக்கும். வெறுங்கை இரண்டையும் குவித்துக் கேட்ச் பிடித்துப் பழகியவர்களின் வலது கைதான் முதலில் முந்திக்கொண்டு பந்தை நோக்கிப் போகும், விரல் பிசகுவது அப்போதுதான். பெயரில் மென்மை இருந்தாலும் பந்து மென்மையானது அல்ல. ஆண்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 12 அங்குலம், அதாவது ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், எடையும் கிரிக்கெட் பந்தைவிடச் சற்று அதிகம். பந்து உள்ளங்கையில் பட்டால் சுரீரென்று வலிக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பின்னியிருக்கும் தோல்வலையில் விழுந்தால், தடித்த புத்தகத்தைப் பட்டென்று மூடியது போன்ற ஓசை மட்டும் கேட்கும், கை எதையும் உணராது. அந்த ஓசை ஒரு முறை கேட்டுவிட்டால் கிளவ்வை நம்பத் தொடங்கிவிடுவீர்கள். பன்னிரண்டரை அல்லது 13 அங்குல அளவில் வாங்குங்கள். புதியது பலகை போல விறைப்பாக இருக்கும் என்பதால், வலைக்குள் ஒரு பந்தை வைத்துக் கயிற்றால் கட்டி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள், பிறகு தினமும் யாரோடாவது பத்து நிமிடம் எறிந்து பிடியுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறொன்று. கிரிக்கெட்டில் முதல் பந்திலேயே அவுட் ஆகிவிட்டால் அன்றைய பேட்டிங் உங்களுக்கு முடிந்தது. சாஃப்ட்பாலில் ஓர் இன்னிங்ஸுக்கு 3 அவுட், ஆட்டத்துக்கு 7 இன்னிங்ஸ். 21 பேர் அவுட் ஆக வேண்டும் என்பதால், முழு ஆட்டம் நடந்தால் பத்துப் பேரில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு முறை பேட் கைக்கு வந்தே தீரும். நன்றாக ஆடுபவர் முறையை நீட்டித்துக்கொள்ளவும் முடியாது, சரியாக ஆடாதவரின் முறையை யாரும் பறிக்கவும் முடியாது. நண்பர்கள் கூடி ஆடுவதற்கென்றே அமைந்தது போன்ற ஏற்பாடு இது. தயங்காமல் சேருங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நாங்கள் மென்பந்துக் கிரிக்கெட் ஆடினோம். இங்கே வேலையிடத்து நண்பர்கள் சாஃப்ட்பால் என்று அழைத்தபோது அதுதான் என்று நினைத்துப் போனேன். இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பெயரைத் தவிர வேறு தொடர்பு இல்லை. இலங்கையில் கடினப்பந்துக்கு எதிராக மென்பந்து என்று சொல்வது டென்னிஸ் பந்து போன்றவற்றால் ஆடும் கிரிக்கெட்டைத்தான். அதன் விதிகள் கிரிக்கெட்டின் விதிகள். சாஃப்ட்பால் என்பது பேஸ்பாலிலிருந்து பிறந்த தனி ஆட்டம். கனடாவில் அதை ஸ்லோ-பிட்ச் என்றே பெரும்பாலும் சொல்வார்கள் என்பதால் அடுத்த முறை அந்தச் சொல்லைக் கேட்டால் குழப்பம் வராது. போனது போனீர்கள், ஒரு பருவமாவது ஆடிப் பாருங்கள்; மென்பந்தில் உயரமாகத் தூக்கி அடித்துப் பழகிய கைகளுக்கு அந்த வளைந்து வரும் பந்து மிகவும் பொருந்தும்.

கேள்வி: எனக்கு வயது 47. இருபது ஆண்டுகளாக விளையாட்டு எதுவும் இல்லை. பிள்ளைகளின் பள்ளி வழியாகப் பழகிய அப்பாக்கள் சேர்ந்து சாஃப்ட்பால் அணி தொடங்குகிறார்கள். அடிபடுமோ என்று மனைவி அஞ்சுகிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், சிகாகோ

உங்கள் ஊர் இந்த ஆட்டத்தின் பிறந்த வீடு. 1887ஆம் ஆண்டு நன்றி நவிலும் நாளில், சிகாகோவின் ஃபாரகட் படகுச் சங்கத்தில் ஹார்வர்டு–யேல் பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்துப் போட்டியின் முடிவுக்காகக் காத்திருந்த இளைஞர்களில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைத் தூக்கி எறிய, இன்னொருவர் அதைக் கோலால் அடிக்க, ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்த விளையாட்டுத்தனத்துக்கு அங்கேயே விதிகள் வகுத்தார். கூரைக்கு அடியில் ஆடும் பேஸ்பாலாகத்தான் அது தொடங்கியது. சாஃப்ட்பால் என்ற பெயர் 1926இல்தான் வந்தது. சிகாகோவில் இன்றும் 16 அங்குலச் சுற்றளவுள்ள பெரிய பந்தைக் கிளவ் இல்லாமல் வெறுங்கையால் பிடித்து ஆடும் வழக்கம் உயிரோடு இருக்கிறது. உங்கள் நண்பர்கள் எந்தப் பந்தில் ஆடப்போகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 16 அங்குலப் பந்து என்றால், கணினியில் வேலை செய்யும் விரல்களைப் பற்றி உங்கள் மனைவி அஞ்சுவது நியாயமே. விரல் நுனியில் நேராகப் பட்டுக் கணு வீங்குவது அந்த ஆட்டத்தில் சாதாரணம். 12 அங்குலப் பந்தும் கிளவ்வும் உள்ள லீக்கில் சேரும்படி நண்பர்களிடம் சொல்லுங்கள்.

உங்கள் வயதில் பெரும்பாலான காயங்கள் பந்தால் வருவதில்லை, திடீர் ஓட்டத்தால் வருகின்றன. அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, முறை வந்ததும் எழுந்து போய், அடித்த மறுகணம் 65 அல்லது 70 அடி தூரத்தை முழு வேகத்தில் கடக்க முயலும்போது தொடையின் பின்தசை பிடித்துக்கொள்கிறது. ஆகவே ஆட்டத்துக்கு இருபது நிமிடம் முன்பே மைதானத்துக்குப் போய் மெதுவாக ஓடி உடம்பைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவிலும் உங்களுக்கு இரண்டு பேர் முன்னால் பேட் பிடிக்கும்போதே எழுந்து நடக்கத் தொடங்கிவிடுங்கள். முதல் மாதம் முக்கால் வேகத்துக்கு மேல் ஓடாதீர்கள். ரப்பர் முனையுள்ள காலணி போதும். உலோக முனைக் காலணிகளைப் பொழுதுபோக்கு லீக்குகள் பலவும் தடை செய்திருக்கின்றன.

சறுக்கிப் போய் பேஸைத் தொடாதீர்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். மிச்சிகனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் டேவிட் ஜாண்டாவும் சக மருத்துவர்களும் பொழுதுபோக்கு சாஃப்ட்பால் ஆட்டங்களை ஆராய்ந்து 1988இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தரையில் இறுக்கிப் பொருத்திய வழக்கமான பேஸ்கள் உள்ள மைதானங்களில் 627 ஆட்டங்கள், மோதினால் கழன்றுகொள்ளும் பேஸ்கள் உள்ள மைதானங்களில் 633 ஆட்டங்கள். முதல் வகையில் சறுக்கலால் 45 காயங்கள், இரண்டாவது வகையில் இரண்டே இரண்டு. அசையாத பேஸில் போய்க் கணுக்கால் மோதுவதுதான் கெடுதி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. உங்கள் மைதானத்தில் எந்த வகை பேஸ் இருக்கிறது என்று லீக் நடத்துபவர்களிடம் கேளுங்கள். முதல் பேஸில் வெள்ளையும் ஆரஞ்சு நிறமுமாக இரட்டை பேஸ் இருந்தால், ஓடுபவர் ஆரஞ்சையும் பந்தைப் பிடிப்பவர் வெள்ளையையும் மிதிப்பார்கள். இருவரும் மோதிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

பந்து வீசும் பொறுப்பை உங்களுக்குத் தந்தால் முகக்கவசம் இல்லாமல் ஏற்காதீர்கள். 50 அடி தூரத்தில் நின்று, வீசி முடித்து நிமிர்வதற்குள் பந்து நேராக முகத்துக்குத் திரும்பி வரக்கூடும். யார் என்ன சொன்னாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணவரின் நண்பர்களும் அவர்களுடைய மனைவியருமாகச் சேர்ந்து ஆணும் பெண்ணும் கலந்து ஆடும் அணி ஒன்றை வைத்திருக்கிறோம். எப்போதும் என்னைக் கேட்சராகவே நிறுத்துகிறார்கள். நான் ஃபீல்டில் நின்ற ஒரே நாளில் என்னிடம் வந்த பந்தைப் பக்கத்தில் நின்ற ஆண் குறுக்கே ஓடிவந்து எடுத்துக்கொண்டார். எண்ணிக்கைக்காகத்தான் என்னை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. விலகிவிடலாமா?
– வாசகி, ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா

விலகாதீர்கள். உங்கள் வருத்தம் முற்றிலும் நியாயமானது. ஸ்லோ-பிட்ச் லீக்குகள் பலவற்றில் பேஸைத் திருட, அதாவது பந்து அடிபடுமுன்பே அடுத்த பேஸுக்கு ஓடிவிட, அனுமதி இல்லாததால், பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சருக்குப் பந்தைத் திருப்பி எறிவதைத் தவிரப் பெரிய வேலை இல்லை; புதியவர்களையும் பெண்களையும் அங்கே நிறுத்திவிட்டு, ஆடவைத்துவிட்டோம் என்று கேப்டன்கள் மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். கலப்பு ஆட்டத்தின் விதிகளை வகுத்தவர்கள் இந்தப் போக்கை அறிந்தே சில வேலிகள் போட்டிருக்கிறார்கள். பேட்டிங்கில் ஆணும் பெண்ணும் மாறி மாறி வர வேண்டும் என்பது பரவலான விதி. ஆண் பேட்டரை வேண்டுமென்றே நான்கு தவறான பந்துகள் வீசி முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டு, அடுத்து வரும் பெண்ணைச் சுலபமாக அவுட் ஆக்கலாம் என்று பந்து வீசும் பிட்சர் திட்டமிட்டால், அந்த ஆணுக்கு இரண்டு பேஸ் தரும் லீக்குகள் உண்டு. பெண் பேட் செய்யும்போது அவுட்ஃபீல்டில் நிற்பவர்கள் குறிப்பிட்ட ஒரு கோட்டைத் தாண்டி முன்னால் வரக் கூடாது என்று வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் உங்களுக்கு வரும் பந்தை உங்கள் அணிக்காரரே பறிப்பதைத் தடுக்க எந்த விதிப்புத்தகத்திலும் வழி இல்லை. அதை அணிக்குள்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

கேப்டனிடம் பொதுவாகக் குறைபட்டுக்கொள்ளாமல் ஒன்றைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: "அடுத்த மூன்று ஆட்டங்களில் நான் இரண்டாவது பேஸில் நிற்கிறேன்." இரண்டாவது பேஸிலிருந்து முதல் பேஸுக்கு எறியும் தூரம் குறைவு, பந்தும் அடிக்கடி வரும். அதற்கு முன் வாரத்தில் இரண்டு மாலை கணவரைப் பூங்காவுக்கு அழைத்துப் போய், தரையோடு உருண்டு வரும் பந்துகளை ஐம்பது முறை உருட்டிவிடச் சொல்லி எடுத்துப் பழகுங்கள். முழங்காலை மடக்கி, கிளவ்வின் நுனி மண்ணைத் தொடும்படி தாழ்த்தி வையுங்கள். பந்து குதித்தால் கிளவ்வை உயர்த்துவது எளிது, தாழ்த்துவதற்கு நேரம் இருக்காது. பந்து உங்கள் பக்கம் எழும்பும்போது மைதானம் முழுக்கக் கேட்கும்படி "எனது!" என்று கத்துங்கள். முதலில் கூச்சமாக இருக்கும். அப்படிக் குரல் கொடுத்த பிறகும் குறுக்கே வருபவரைக் கேப்டன் கண்டிக்க வேண்டும். அவர் கண்டிக்காவிட்டால் உங்கள் கணவர் பேச வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர்கள் அவருடைய நண்பர்கள்.

உலக அளவில் சாஃப்ட்பாலின் உச்சத்தில் நிற்பவர்கள் பெண்கள் என்பதையும் அந்த நண்பர்களுக்கு நினைவூட்டலாம். 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் சேர்ந்தபோது அது பெண்களுக்கான போட்டியாகவே சேர்ந்தது. முதல் மூன்று தங்கங்களையும் அமெரிக்கா வென்றது, மூன்றிலும் உங்கள் கலிபோர்னியாவைச் சேர்ந்த லிசா பெர்னாண்டஸ் பந்து வீசினார்.

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரே கல்லூரியில் படித்த நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய அணிக்கு நான் கேப்டன். 14 பேர் வருகிறோம், 10 பேர்தான் ஃபீல்டில் நிற்கலாம். சென்ற பருவத்தின் பிளே-ஆஃபில் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக ஒரு நண்பரை ஆட்டம் முழுக்க உட்கார வைத்துவிட்டேன். ஆட்டத்தில் வென்றோம். அவர் அதன் பிறகு பேசுவதில்லை. நான் செய்தது தவறா?
– வாசகர், பிளேனோ, டெக்ஸஸ்

தவறுதான். பெரிய லீக் அணியின் கேப்டனுக்கு வெற்றிக்காக ஒருவரை உட்கார வைக்கும் உரிமை உண்டு, ஏனென்றால் அங்கே ஆட வந்தவர் அதற்கு உடன்பட்டே வந்திருக்கிறார். உங்கள் நண்பர் அப்படி எதற்கும் உடன்படவில்லை. அவர் எல்லோரையும் போலப் பதிவுக் கட்டணத்தில் பங்கு தந்திருப்பார், வெள்ளிக்கிழமை மாலைப் போக்குவரத்தில் கார் ஓட்டி வந்திருப்பார், சட்டையின் முதுகில் தன் பெயரையும் எண்ணையும் அச்சடித்திருப்பார். பருவம் முழுதும் சமமாக ஆடவிட்டு, முக்கியமான நாளில் மட்டும் உட்கார வைக்கும்போது, இத்தனை நாள் நாங்கள் உன்னைப் பொறுத்துக்கொண்டிருந்தோம் என்று அவரிடம் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். இதே தவறை என் கேப்டன் காலத்தில் நானும் செய்திருக்கிறேன், அந்த நட்பு திரும்பி ஒட்டுவதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அதனால்தான் இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

இனி எப்படி நடத்துவது என்பதற்குக் கணக்கு ஒன்று உண்டு. 10 இடங்கள், 7 இன்னிங்ஸ், ஆக மொத்தம் 70. அதை 14 பேருக்குப் பிரித்தால் ஒருவருக்குச் சரியாக 5 இன்னிங்ஸ். ஒவ்வொருவரும் இரண்டு இன்னிங்ஸ் மட்டும் வெளியே உட்காருவார்கள், நீங்களும் உட்பட. நேரக் கட்டுப்பாடு இருக்கும் லீக்குகளில் ஆட்டம் ஐந்தாவது இன்னிங்ஸிலேயே முடிந்துவிடக்கூடும் என்பதால், யாருடைய ஓய்வும் முதல் பாதியிலேயே முழுதாகத் தீர்ந்துவிடாமலும், யாருடைய ஆட்டமும் கடைசி இரண்டு இன்னிங்ஸுக்குத் தள்ளிப்போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டிங்கில், வந்த எல்லோரும் வரிசையில் பேட் செய்யலாம் என்று பல பொழுதுபோக்கு லீக்குகள் அனுமதிக்கின்றன. உங்கள் லீக் அனுமதித்தால் அதைத் தவிர வேறு முறையை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். இந்தச் சுழற்சிப் பட்டியலை ஆட்டத்துக்கு முந்தின இரவே எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். ஆட்டத்தின் சூட்டில், மூன்று ரன் பின்தங்கி நிற்கும்போது எடுக்கும் முடிவு யாருடைய முகத்திலாவது போய் அறையும். முந்தின இரவு எடுத்த முடிவு அப்படிச் செய்யாது.

நண்பர்களில் சிலர் இதற்கு உடன்பட மாட்டார்கள். ஜெயிக்காமல் ஆடுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அவர்கள் ஆசையிலும் தவறில்லை. பருவத்தின் தொடக்கத்திலேயே கூடிப் பேசி, பிளே-ஆஃபில் திறமைப்படிதான் ஆட்கள் நிற்பார்கள் என்று எல்லோரும் வாய்விட்டு ஒப்புக்கொண்டால், அதன்படி நடப்பது நேர்மையானது. பேசாமல் விட்டுவிட்டு, இடையில் கேப்டன் மட்டும் விதியை மாற்றுவதுதான் நட்பைக் கெடுக்கிறது. தேவைப்பட்டால் அதிகப் போட்டியுள்ள பிரிவில் ஆட விரும்புபவர்கள் வேறொரு நாளில் இன்னோர் அணியாகப் பதிவு செய்துகொள்ளட்டும். எங்கள் அணியில் நான்கு பேர் அப்படிச் செவ்வாய்க்கிழமை ஓர் அணியிலும் வெள்ளிக்கிழமை எங்களோடும் ஆடினார்கள், ஒருவருக்கும் மனத்தாங்கல் வரவில்லை.

உங்கள் நண்பரிடம் குழுவில் மன்னிப்புக் கேட்டுச் செய்தி போடாதீர்கள். மற்ற பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் அவரால் "பரவாயில்லை" என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல முடியாது. பருவம் தொடங்குமுன் அவர் வீட்டுக்கு நேரில் போங்கள். காரணங்களை அடுக்காமல், "அன்றைக்கு உன்னை உட்கார வைத்திருக்கக் கூடாது" என்ற ஒரு வாக்கியத்தை முதலில் சொல்லிவிடுங்கள். போகும்போது இரண்டு கிளவ்வும் ஒரு பந்தும் காரில் இருக்கட்டும். அவர் வெளியே வரச் சம்மதித்தால், வீட்டுக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் எறிந்து பிடியுங்கள்.